கேட்கும் ஊசி

ஊசி என்றால் ஒன்று மருந்தை உள்ளே அனுப்பும், இல்லையென்றால் ரத்தத்தை வெளியே இழுக்கும். மயிலாப்பூரில் லஸ் முனைக்குப் பக்கத்து மாடி அறை ஒன்றில், எஃகுத் தட்டில் உறை பிரிக்காமல் கிடக்கும் இந்த ஊசிக்கு இரண்டு வேலையும் கிடையாது. தசைக்குள் ஓரிரு சென்டிமீட்டர் இறங்கி நிற்கும். அங்கே நடக்கும் மின் சலனத்தை வெளியே கொண்டுவந்து ஒரு பெட்டியிடம் ஒப்படைக்கும். பெட்டி அதைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கித் திரையில் கோடாக வரையும்; கூடவே ஸ்பீக்கரில் சத்தமாகவும் விடும். டாக்டர்கள் ஈஎம்ஜி என்பார்கள். வெளியே காத்திருக்கும் நமக்கு அது ‘நரம்பு டெஸ்ட்’.

சத்தம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் தேர்ந்தவர்கள் திரையைவிடக் காதை நம்புகிறவர்கள். ஓய்வில் இருக்கும் நல்ல தசைக்குள் ஊசி போய் நின்றால் ஸ்பீக்கர் அடங்கிவிடும். நரம்பை இழந்த தசையிலோ, தகரக் கூரையில் தூறல் விழுவது மாதிரி சன்னமான, சீரான ஒலி கேட்கும். மயோடோனியா என்ற நோயில் ஒலி ஏறி இறங்கி உறுமும். இரண்டாம் உலகப்போரின் நினைவு மாறாத டாக்டர்கள் அதற்குக் குண்டுவீச்சு விமானத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள். கோட்டின் வடிவத்தைக் கண் பிடிப்பதற்கு முன்பே காது அது இன்னதென்று சொல்லிவிடும்.

ஊசியின் அமைப்பு எளிமையானது. மெல்லிய எஃகுக் குழாய். அதன் நடுவே, குழாயைத் தொடாதபடி காப்பு பூசிய ஒரு கம்பி, பெரும்பாலும் பிளாட்டினம். இரண்டையும் சேர்த்து 15 டிகிரி சாய்வில் வெட்டியிருப்பார்கள். வெட்டுவாயில் தெரியும் கம்பியின் பரப்பு 0.07 சதுர மில்லிமீட்டர்தான். கம்பிக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள மின் வேறுபாடு மட்டுமே பதிவாகும். தூரத்திலிருந்து வரும் சலனம் இரண்டையும் ஒரே அளவில் தொடுவதால் பெரும்பாலும் கழிந்துவிடுகிறது. ஆகவே ஊசிமுனையைச் சுற்றி ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கும் தசைநார்களே உரக்கப் பேசுகின்றன. அவை பேசுவதும் மைக்ரோவோல்ட், மில்லிவோல்ட் கணக்கில். நம் சுவருக்குள் ஓடுவதோ 230 வோல்ட். அறையில் ஒரு டியூப் லைட் சரியில்லாமல் இருந்தாலும், எர்த் கம்பி தளர்ந்திருந்தாலும் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் எல்லாவற்றையும் மூடிவிடும். நல்ல ஈஎம்ஜி அறைக்கு முதலில் தேவைப்படுகிறவர் நல்ல எலெக்ட்ரீஷியன்.

இந்த ஊசிக்கு ஏறத்தாழ நூறு வயது. அதற்கு முந்தைய கதையைப் பள்ளிப் புத்தகத்திலேயே படித்திருப்போம். இத்தாலியின் பொலோன்யாவில் தவளைக் காலைத் துடிக்கவைத்த கால்வானி, தசைக்குள் மின்சாரம் இருக்கிறது என்று 1791-இல் எழுதினார். அரை நூற்றாண்டு கழித்து பெர்லினில் எமில் டு போய்ஸ்-ரேமோன் மனிதனிடமே அதை அளந்தார். உப்புத் தண்ணீரில் இரண்டு கை விரல்களையும் வைத்துக்கொண்டு, ஒரு கையை மட்டும் இறுக்கியபோது கால்வனோமீட்டரின் முள் அசைந்தது. தோல் தடுக்கிறது என்று உணர்ந்து, கொப்புளம் எழுப்பித் தோலை உரித்துவிட்டு மறுபடி செய்தார். முள் பல மடங்கு அதிகமாக நகர்ந்தது. தோலுக்கு வெளியே நின்று கேட்டால் போதாது என்பது அன்றே தெரிந்துவிட்டது. உள்ளே போகும் வழிதான் தெரியவில்லை.

வழியைக் கண்டவர்கள் கேம்பிரிட்ஜில் எட்கர் ஏட்ரியனும், அமெரிக்காவிலிருந்து வந்து அவருடன் வேலை செய்த டெட்லெவ் பிராங்கும். தோலின் மேல் வைத்த மின்முனைக்கு ஆயிரக்கணக்கான நார்களின் கூச்சல் ஒன்றாகக் கேட்கிறது. ஒரே நரம்பணுவின் குரலை எப்படிப் பிரிப்பது? மருந்து போடும் ஊசி ஒன்றை எடுத்து அதற்குள் காப்பிட்ட கம்பியைச் செருகினார்கள். 1929-இல் வெளியான அவர்கள் கட்டுரை, நாம் ஒரு பொருளைத் தூக்கும்போது உடல் செய்யும் கணக்கைச் சொல்லிவிட்டது. அதிக பலம் வேண்டுமென்றால் நரம்பின் ஒவ்வொரு துடிப்பும் பெரிதாவதில்லை. அதே துடிப்பு அடிக்கடி வருகிறது. புதிய நரம்பணுக்களும் வந்து சேர்கின்றன. அவ்வளவுதான். ஏட்ரியன் 1932-இல் ஷெரிங்டனுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஊசி ஆய்வகத்திலிருந்து வார்டுக்குப் புறப்பட்டது.

வார்டில் அதற்குச் சொற்கள் தேவைப்பட்டன. 1938-இல் டென்னி-பிரௌனும் பென்னிபேக்கரும் அதுவரை குழம்பிக் கிடந்த இரண்டு துடிப்புகளைப் பிரித்தார்கள். தனி நார் ஒன்று நரம்பை இழந்து தானாகத் துடிப்பது ஃபைப்ரிலேஷன். தோலுக்கு வெளியே தெரியாது, ஊசிக்கு மட்டுமே கேட்கும். ஒரு நரம்பணுவும் அதன் நார்கள் அனைத்தும் சேர்ந்து துடிப்பது ஃபாசிக்குலேஷன். அது தோலுக்கு அடியில் நெளிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அப்புறம் போர். குண்டடிபட்ட கைகால்களோடு வந்த சிப்பாய்களில் யாருக்கு நரம்பு அறுந்திருக்கிறது, யாருக்கு நசுங்கி மட்டும் இருக்கிறது என்று தெரியாமல் கத்தியை எடுக்க முடியவில்லை. இங்கிலாந்தில் கிரஹாம் வெடல், மான்ட்ரியாலில் ஹெர்பர்ட் ஜாஸ்பர் என்று பலரும் அந்த அவசரத்தில்தான் ஈஎம்ஜி கருவிகளை உருவாக்கினார்கள். போருக்குப்பின் டென்மார்க்கில் ஃபிரிட்ஸ் புக்தால் அளவு முறைகளை வகுத்தார். அங்கேயே தயாரான ‘டிசா’ கருவி உலக மருத்துவமனைகளுக்குப் போனது.

இந்தியாவில் அதை வரவேற்க அப்போதுதான் ஆட்கள் தயாராகிக்கொண்டிருந்தார்கள். 1949-இல் வேலூர் சிஎம்சியில் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கிய ஜேக்கப் சாண்டி, ஜாஸ்பர் இருந்த அதே மான்ட்ரியால் நிறுவனத்தில் பயின்றவர். மறு ஆண்டு சென்னை பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி துறையை ஆரம்பித்தார். அவரைச் சுற்றி நரம்பியல் டாக்டர்கள் சேர்ந்தார்கள். ரயிலேறி சென்ட்ரலில் வந்து இறங்குகிறவர்களுக்கு, சாலையைக் கடந்தால் வந்துவிடும் மருத்துவமனை அது. அதனால்தான் வேறெங்கும் சேராத நோயாளிகள் அங்கே ஒன்றாகச் சேர்ந்தார்கள்.

அவர்களில் சில இளைஞர்கள் டாக்டர்களை யோசிக்கவைத்தார்கள். வயது பதினைந்து, இருபது. கை மெலிந்திருக்கும், ஒரு பக்கம் அதிகமாக. முகத்தசையும் நாக்கும் தளர்ந்திருக்கும். தசை தோலுக்கு அடியில் நெளியும். பலருக்குக் காதும் கேட்காது. பார்த்த மாத்திரத்தில் மோட்டார் நியூரான் நோய் என்று சொல்லத் தோன்றும். மேல்நாட்டுப் புத்தகம் சொல்லும் அந்த நோய் ஐம்பது, அறுபது வயதில் வந்து பெரும்பாலும் ஐந்தாண்டுக்குள் ஆளைக் கொண்டுபோய்விடும். இந்தப் பிள்ளைகளோ வருஷக்கணக்காக நடந்து வந்து வரிசையில் நின்றார்கள். 1970-இல் ஈ. மீனாட்சிசுந்தரம், கே. ஜெகந்நாதன், பி. ராமமூர்த்தி மூவரும் இதை ‘நியூராலஜி இந்தியா’ இதழில் எழுதினார்கள். ‘மெட்ராஸ் பாணி’ என்ற அடைமொழியோடு அந்த நோய் உலகப் பாடப்புத்தகங்களுக்குள் போனது.

இங்கே நம் ஊசி என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். ஒரு நரம்பணு செத்தால் அதன் பிடியிலிருந்த நார்கள் ஆதரவிழந்து துடிக்க ஆரம்பிக்கும். பக்கத்தில் உயிரோடிருக்கும் நரம்பணு மெல்லப் புதுக் கிளை விட்டு அந்த நார்களைத் தன்னோடு இணைத்துக்கொள்ளும். இதற்கு மாதங்கள் ஆகும். சாவு வேகமாக நடந்தால் இணைப்பு பின்தங்கிப்போகும்; ஊசி எங்கே போனாலும் அந்தச் சன்னமான தூறல் ஒலி. சாவு மெதுவாக நடந்தால் இணைப்பு ஈடுகொடுத்துவிடும். இரண்டு மில்லிவோல்ட்டைத் தாண்டாமல் இருந்த துடிப்பு பத்து மில்லிவோல்ட் வரைகூடப் போகும். கையை நன்றாக இறுக்கச் சொன்னால், நல்ல தசையில் ஸ்பீக்கர் முழுக்க நிறையும் இரைச்சல் இங்கே வராது. மிச்சமிருக்கும் நாலைந்து நரம்பணுக்கள் தனித்தனியாக, கனமாக, வேகவேகமாகத் தட்டும். ஒரு நோயின் வேகத்தை ஒரே நாள் பரிசோதனையில் சொல்லிவிட முடிகிறது என்பதுதான் இந்த ஊசியின் பெரிய திறமை என்று நினைக்கிறேன். மெட்ராஸ் பாணி நோயாளிகளிடம் அது கேட்டது இரண்டாம் வகை. நீண்ட காலமாக மெல்ல நடக்கும் இழப்பும், விடாமல் நடக்கும் மறு இணைப்பும்.

ஆனால் அதே கனமான தட்டல் போலியோ வந்துபோன காலிலும் கேட்கும். 1970-இல் போலியோவுக்கு நம் தெருக்களில் குறைவில்லை. மெலிந்த கையோடு ஒரு பையன் வந்தால் போலியோ என்று எழுதி அனுப்பிவிடுவது சுலபம். ஊசியும் அதை மறுத்திருக்காது. மறுத்தவர்கள் டாக்டர்கள். போலியோ ஜுரத்தோடு வந்து சில நாளில் கைகாலை வீழ்த்தும், பிறகு நகராது. இது ஜுரமில்லாமல் வந்து, வருஷத்துக்கு வருஷம் கொஞ்சமாக நகர்கிறது. போலியோ காதை எடுக்காது, இது எடுக்கிறது. நோயாளியின் அம்மாவிடம் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும் விஷயங்கள் இவை. ஊசி சொன்ன சாட்சியத்தை அம்மா சொன்ன கதையோடு பொருத்திப் பார்த்தவர்கள் இருந்ததால்தான் ஒரு புதிய நோய் கண்ணில் பட்டது. நோய்க்கு நம் ஊர்ப் பெயர் வந்ததில் எனக்கு வருத்தமில்லை. அந்தப் பெயருக்குள் இருப்பது கவனமாகப் பார்த்தவர்களின் உழைப்பு.

பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் நரம்பியல் டாக்டர் கௌரி தேவியும் அவருடைய சகாக்களும் இதைத் தொடர்ந்தார்கள். 1971 முதல் 2007 வரை 36 ஆண்டுகளில் அங்கே வந்த 116 மெட்ராஸ் பாணி நோயாளிகளைப் பற்றிய கட்டுரை 2008-இல் வெளியானது. பலரும் தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள்.

பொது மருத்துவமனையின் அந்தக் காலத்து ஊசிகள் ஒரு நோயாளியோடு ஆயுள் முடிந்தவை அல்ல. நீராவியில் சுத்தம் செய்து, முனை மழுங்கினால் தீட்டி, மறுபடி மறுபடி உபயோகித்தார்கள். ஹெபடைடிஸும் எச்ஐவியும் அந்தப் பழக்கத்துக்கு முடிவு கட்டின. இன்று ஒருவருக்கு ஒரு ஊசி. கருவியும் பீரோ அளவிலிருந்து சுருங்கி லேப்டாப்போடு இணையும் சின்னப் பெட்டியாகி, மயிலாப்பூர் மாதிரி இடங்களில் மாடிப்படி ஏறிவிட்டது.

அந்த மாடிக்கு என் அத்தையை அழைத்துப் போனேன். ராத்திரியில் வலது கை மரத்துப்போய், எழுந்து உதறிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது. கச்சேரி ரோட்டில் வாங்கிய தைலத்தை நம்பிக் கொஞ்ச காலம் ஓட்டினார். டெஸ்ட் எடுக்கிற பெண் கையைத் தொட்டதும் கேட்டாள்.

“மாமி, கையில எண்ணெய் ஏதாவது தடவியிருக்கீங்களா?”

“ராத்திரி தைலம் தேய்ச்சுண்டேன்மா. ஏன், கூடாதா?”

“எண்ணெய் இருந்தா சிக்னல் சரியா வராது மாமி. இருங்க, துடைச்சிடறேன். கையும் ஜில்லுன்னு இருக்கு.”

ஏசியை நிறுத்திவிட்டு வெந்நீர்ப் பையை அத்தையின் கையில் வைத்தாள். அது உபசாரம் இல்லை, கணக்கு. தோல் ஒரு டிகிரி குளிர்ந்தால் நரம்பின் வேகம் விநாடிக்கு இரண்டு மீட்டர் அளவுக்குக் குறையும். முன்கை நரம்பில் செய்தி விநாடிக்கு 50 மீட்டருக்கு மேல் ஓட வேண்டும். ஏசி அறையில் குளிர்ந்த கையை அப்படியே சோதித்தால் இல்லாத நோய் ரிப்போர்ட்டில் வந்துவிடும். கை 32 டிகிரிக்கு வந்த பிறகே வேலையைத் தொடங்கினாள்.

“ஷாக் அடிக்குமா?”

“சின்னதா ஒரு சுண்டு மாமி. விரல் தானா துள்ளும், பயந்துடாதீங்க.”

முதல் பாதியில் ஊசி கிடையாது. மணிக்கட்டில் நரம்பைத் தூண்டி, கட்டைவிரல் அடித்தசை எவ்வளவு நேரத்தில் பதில் சொல்கிறது என்று பார்ப்பார்கள். நாலரை மில்லிசெகண்டுக்குள் வர வேண்டும். அத்தைக்கு ஆறைத் தாண்டியது. மணிக்கட்டுக் கால்வாயில் நரம்பு நசுங்குகிறது என்பது உறுதி. இரண்டாம் பாதிக்கு டாக்டர் வந்தார். ஊசியை அவரே போட்டார். அத்தை பல்லைக் கடித்துக்கொண்டார். ஸ்பீக்கர் அமைதியாக இருந்தது. டாக்டர் இடம் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டார். எங்கும் தூறல் இல்லை. நரம்பு அமுங்கியிருக்கிறது, இழைகள் இன்னும் சாகவில்லை. ஆபரேஷனுக்கு ஓட வேண்டியதில்லை, ராத்திரியில் மணிக்கட்டுக்குப் பட்டை போட்டுக்கொண்டு பார்க்கலாம் என்றார். அந்த முடிவைத் தந்தது ஸ்பீக்கரின் மௌனம்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இப்போது பல இடங்களில் பரிசோதனை ஒரு கையில், தீர்ப்பு இன்னொரு கையில். அச்சடித்த எண்கள் நாலு பக்கத்துக்கு வரும். நோயாளியைத் தொட்டே பார்க்காத ஒருவர் கீழே கையெழுத்துப் போடுவார். ஊசியால் வரும் தகவல் அந்தக் காகிதத்தில் ஏறுவதில்லை. அடுத்து எந்தத் தசையில் குத்த வேண்டும் என்பதை இப்போது குத்திய தசை சொன்னதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும். அறையில் இல்லாதவருக்கு அந்தத் தேர்வு கிடைக்காது. காலக்கணக்கும் முக்கியம். விபத்தில் நரம்பு அறுந்தாலும் ஃபைப்ரிலேஷன் ஒலி வர இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். மூன்றாம் நாளே டெஸ்ட் எடுத்துவிட்டு, ஊசி ஒன்றும் சொல்லவில்லை என்று நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். டெஸ்ட்டுக்குப் போகிறவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஊசி போடப்போவது யார், அவர் என்னை முதலில் பார்ப்பாரா?

ஊசியே இல்லாத ஈஎம்ஜியும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அடையாறு பக்கம் ஐஐடி மெட்ராஸில் எஸ். ராமகிருஷ்ணனின் குழு, தோலின் மேல் ஒட்டும் மின்முனைகளைக் கொண்டு தசை சோர்வதை ஆராய்ந்து பல கட்டுரைகள் எழுதியிருக்கிறது. தசை களைக்கும்போது அதன் மின்னலைகளின் அதிர்வெண் கீழே இறங்கும். 1912-இலேயே பெர்லினில் ஹான்ஸ் பைப்பர் கண்டது இது. இன்று அதைக் கணினி அளக்கிறது. ஒருவருடைய தசை எப்போது தளரப்போகிறது என்பதை அவர் உணர்வதற்கு முன்பே சொல்ல முடியுமென்றால் விளையாட்டுக்கும் பிசியோதெரபிக்கும் உதவும். இருந்தாலும் ஒரு நரம்பணு செத்ததா என்று கேட்க இன்றும் உள்ளேதான் போக வேண்டும்.

ஊசியின் வம்சத்தில் ஒன்று மட்டும் பழைய தொழிலுக்குத் திரும்பியிருக்கிறது. எழுதும்போதோ வாத்தியம் வாசிக்கும்போதோ மட்டும் விரல் தானாக மடங்கிக்கொள்ளும் டிஸ்டோனியா நோய்க்கு, முறுக்கிக்கொள்ளும் தசையில் போட்யூலினம் நச்சை மிகச் சிறிய அளவில் செலுத்துவார்கள். முன்கையில் விரல்களுக்கான தசைகள் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கின்றன. பக்கத்துத் தசைக்குள் போனால் நல்ல விரல் சோர்ந்துவிடும். ஆகவே முனை தவிர மற்ற இடமெல்லாம் டெஃப்லான் பூசிய, உள்ளே துளையுள்ள ஊசி. முதலில் கேட்கும். விரலை அசைக்கச் சொல்லி, சரியான தசையின் ஒலி பக்கத்தில், கூர்மையாக வந்த பிறகே மருந்து இறங்கும். ஒரு விரலே பிழைப்பாக இருக்கும் வாத்தியக்காரர்களுக்கு இந்த மில்லிமீட்டர் நிதானம் எவ்வளவு பெரியது என்று டிசம்பர் சபாக்களில் முன்வரிசையில் உட்கார்கிற மயிலாப்பூருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மெட்ராஸ் பாணிக்குத் திரும்ப வேண்டும், ஏனென்றால் அதில் புதிய அத்தியாயம் ஒன்று வந்திருக்கிறது. பிரௌன், வியாலெட்டோ, வான் லேர் என்று மூன்று டாக்டர்களின் பெயரைத் தாங்கிய அபூர்வமான ஒரு நோய் உண்டு. சிறு வயதிலேயே காது கேட்காமல் போகும், முகமும் நாக்கும் தளரும், தசை மெலியும். ஊசிக்கு அங்கேயும் நரம்பிழப்பின் அதே சத்தம்தான். 2010-இல் அதற்கான மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். ரைபோஃபிளேவின், அதாவது வைட்டமின் பி2-வை உடலுக்குள் கொண்டுசேர்க்கும் புரதத்தில் கோளாறு. மறு ஆண்டே நோயாளிகளுக்கு அந்த வைட்டமினை அதிக அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். பலரிடம் முன்னேற்றம் தெரிந்தது, மூச்சே தடுமாறிய குழந்தைகள் உட்பட. மோட்டார் நரம்பணு நோய்களில் இப்படி மருந்துக்குக் கட்டுப்படுவது மிக அரிது.

இரண்டு நோய்களும் வெளித்தோற்றத்தில் நெருங்கியவை. ஊசியால் அவற்றைப் பிரிக்க முடியாது. ஆகவே இன்று சென்னையில் மெலிந்த கையும் மங்கிய செவியுமாக ஒரு பிள்ளை வந்தால், ஈஎம்ஜியோடு செவித்திறன் சோதனையும் மரபணுப் பரிசோதனைக்கு ரத்தமும் எடுக்க வேண்டும். மரபணு முடிவு வர வாரக்கணக்காகும். அதுவரை காத்திருக்காமல் ரைபோஃபிளேவினை அன்றே தொடங்கிவிட வேண்டும் என்பதுதான் இப்போது டாக்டர்கள் பின்பற்றும் வழி.